வீட்டை விற்க வீட்டுக்காரியின் கையெழுத்து வேண்டுமா?

புனேயில் கட்கி, தாபோடி, டேஹு ரோடு, பிம்பிரி, ராஸ்தா பேட்டை என்று தமிழர்கள் குடியிருக்கும் பகுதிகளில், குடும்பத் தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வருஷம் வந்துவிட்டால் ஒரு பேச்சு தவறாமல் எழும்.

"ஃபிளாட்டை வித்துட்டு ஊரோட போய்ச் சேர்ந்துடலாம். கிராஜுவிட்டி பணமும் சேர்ந்தா அங்கே ஒரு வீடு, கொஞ்சம் நிலம் வாங்கிடலாம்" என்பார் கணவர்.

"முப்பது வருஷம் இங்கேயே ஓடிப்போச்சுங்க. பொண்ணைப் பிம்பிரியில குடுத்திருக்கு. பேரப் பிள்ளைங்க இங்கே இருக்காங்க. ஊர்ல நமக்கு யாரு இருக்கா?" என்பார் மனைவி.

பேச்சு முற்றினால் இரண்டு வாக்கியங்கள் வந்து விழும். "வீடு என் பேர்ல இருக்கு. யாரைக் கேட்கணும்?" என்பது ஒன்று. "என் கையெழுத்து இல்லாம எப்படி விக்கிறீங்கன்னு பார்க்கிறேன்" என்பது மற்றொன்று.

இரண்டு பேருமே சட்டம் தங்கள் பக்கம் இருப்பதாக நம்பித்தான் பேசுகிறார்கள். உண்மையில் இருவர் சொல்வதும் முழுச் சரியல்ல. ஆனால் யார் அதிகம் ஏமாந்துபோகக்கூடும் என்று பார்த்தால், அது பெரும்பாலும் மனைவிதான். தன் கையெழுத்து வேண்டும் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும்போதே வீடு கைமாறிவிடக்கூடும்.

பத்திரம் யார் பெயரில்?

கல்யாணம் ஆன பிறகு வாங்கும் சொத்தெல்லாம் கணவன் மனைவி இருவருக்கும் பொது என்று பலர் நினைக்கிறார்கள். கோவா நீங்கலாக, இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. கணவர் தம் சம்பளத்தில் தம் பெயரில் வாங்கிய வீடு அவருடைய சுயார்ஜித சொத்து. அதை விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ அவருக்கு உரிமை உண்டு. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், சொத்துக்கு உரியவர் யார், அவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவரா என்று பார்க்கிறதே தவிர, அவருடைய மனைவியின் சம்மதத்தைக் கேட்பதில்லை.

கிறிஸ்தவர்களுக்கும் நிலைமை இதுவே. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, கல்யாணம் ஆனதால் மட்டும் ஒருவர் மற்றவர் சொத்தில் பாத்தியதை பெறமாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. முஸ்லிம் சட்டத்திலும் கணவன் சொத்து வேறு, மனைவி சொத்து வேறு.

ஆகவே சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில், விற்பவர் யார், வாங்குபவர் யார், சாட்சிகள் யார் என்று அடையாளம் பார்ப்பார்கள். புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். "உங்கள் சம்சாரம் சம்மதித்தாரா?" என்று கேட்கமாட்டார்கள். பத்திரத்தில் உரிமையாளராக மனைவியின் பெயரும் இருந்தால்தான் அவருடைய கையெழுத்து கட்டாயம்.

இங்கேதான் பல குடும்பங்களில் குழப்பம். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருப்பார். அதனால் தானும் உரிமையாளர் என்று நினைத்துக்கொள்வார். அது கடனுக்குப் போட்ட கையெழுத்து. கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பைத்தான் அது தருகிறது. சொசைட்டியில் "அசோசியேட் மெம்பர்" என்று பெயர் இருக்கலாம்; நாமினி என்று எழுதியிருக்கலாம்; ரேஷன் கார்டிலும் மின்சார பில்லிலும் பெயர் இருக்கலாம். இவை எதுவும் அந்த வீட்டில் பங்கு தருவதில்லை. மராத்தியில் "கரேதி கத்" என்று சொல்லும் கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

இதைத் தெரிந்துகொள்வது சிரமமான காரியமும் அல்ல. மகாராஷ்டிரத்தில் ஒவ்வொரு பத்திரப் பதிவுக்கும் "இண்டெக்ஸ்-2" என்ற சுருக்கப் பதிவு உண்டு. விற்றவர், வாங்கியவர் பெயர்கள் அதில் இருக்கும். சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். பதிவுத் துறையின் இணையத் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். மாநிலப் பதிவுத் துறையின் தலைமை அலுவலகமே புனேயில்தான் இருக்கிறது. ஆனால் சொந்த வீட்டின் பத்திரத்தைப் பிரித்துப் படித்துப் பார்த்த இல்லத்தரசிகள் எத்தனை பேர்? பத்திரம் மராத்தியில் இருக்கிறது. பீரோவின் உள்ளறையில் இருக்கிறது. சாவி கணவரிடம் இருக்கிறது.

நகை போன இடம்

சம்பளக்காரர்களின் வீடு வெறும் சம்பளத்தில் மட்டும் எழும்புவதில்லை. முன்பணம் கட்ட வேண்டிய நாளில் முதலில் அடகுக் கடைக்குப் போவது மனைவியின் சங்கிலியும் வளையலும்தான். அப்பா வீட்டில் போட்ட நகை சிமெண்டும் செங்கல்லுமாக மாறிவிடுகிறது. பத்திரத்தில் மட்டும் அந்த நகையின் சொந்தக்காரி பெயர் வருவதில்லை.

இந்த நகை விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னும் கல்யாணத்தின்போதும் பின்னும் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட நகை, பணம், பாத்திரங்கள் எல்லாம் ஸ்திரீதனம். அது அவளுக்கே முழுச் சொந்தம். புகுந்த வீட்டில் வைத்திருப்பதால் பொதுச் சொத்து ஆகிவிடாது என்று 1985இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலும் அதே கருத்தை மறுபடி வலியுறுத்தியது. கஷ்ட காலத்தில் கணவர் அந்த நகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; ஆனால் திருப்பிக் கொடுக்கும் தார்மிகக் கடமை அவருக்கு உண்டு என்றது கோர்ட். அந்த வழக்கில் 89 பவுன் நகை சம்பந்தப்பட்டிருந்தது. மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

ஆனால் நகை தன்னுடையது என்பது வேறு. அந்த நகையால் வாங்கிய வீட்டில் தனக்குப் பங்கு உண்டு என்பது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். இருவர் பெயரிலும் வீடு வாங்கியிருந்தால், யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. கணக்குத் தெரியாவிட்டால் சமபங்கு என்று வைத்துக்கொள்ளப்படும். கணவர் பெயரில் மட்டும் வாங்கியிருந்தால் மனைவி கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்போது அடகுக் கடை ரசீதும், நகை விற்ற பில்லும், வங்கிக் கணக்கில் பணம் போன தேதியும்தான் பேசும். "எல்லாருக்கும் தெரியுமே" என்பது கோர்ட்டில் செல்லுபடியாகாது. அந்த ரசீதுகளைக் கடன் தீர்ந்ததும் கிழித்துப் போட்டுவிடுவது பல வீடுகளில் சகஜம்.

சென்னையிலிருந்து ஒரு தீர்ப்பு

நகையும் போடாமல், சம்பளமும் வாங்காமல், முப்பது வருஷம் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாருக்குப் பணிவிடை செய்த பெண்ணின் நிலை என்ன? அவளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாதா?

இந்தக் கேள்விக்கு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த பதில், பிழைப்புக்காக வெளியூர் போன ஒவ்வொரு தமிழர் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியது. வழக்கின் கதையும் வெளியூர்ப் பிழைப்பின் கதைதான். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குடும்பத்தையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டார். சொத்துகள் சேர்ந்தன. கணவர் திரும்பி வந்ததும் தகராறு. "எல்லாம் நான் சம்பாதித்த பணம்" என்றார் அவர். வழக்கு பல வருஷம் இழுத்தது. நடுவில் அவர் காலமாகி, பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் கவலையின்றி வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. வீட்டு வேலை லீவு இல்லாத 24 மணி நேர வேலை. ஆகவே சொத்து சேர்வதில் இருவருக்கும் சமமான பங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். மனைவியின் உழைப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லைதான். ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார் நீதிபதி.

நல்ல தீர்ப்பு. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு புனேயில் ஒரு பெண் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அது சட்டசபையோ பாராளுமன்றமோ இயற்றிய சட்டமல்ல; ஒரு வழக்கில் ஒரு நீதிபதி சொன்ன முடிவு. மகாராஷ்டிரத்துக் கோர்ட்டுகள் அதை மேற்கோளாகக் கேட்டுக்கொள்ளலாம்; பின்பற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. அதோடு, அது விற்பனைக்கு முன் சம்மதம் கேட்கச் சொல்லும் தீர்ப்பும் அல்ல. தகராறு வந்து பல வருஷம் கழித்துப் பங்கு பிரித்த தீர்ப்பு.

சட்டமாகவே கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. விவாகரத்தாகும் மனைவிக்குக் கணவரின் அசையாச் சொத்தில் பங்கு கொடுக்க வழி செய்யும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் ராஜ்ய சபையில் நிறைவேறியது. லோக் சபையில் நிறைவேறுவதற்குள் 2014இல் சபையின் காலம் முடிந்து மசோதாவும் காலாவதியாகிவிட்டது.

விற்பதற்கு முன் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும்.

2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை, அடி உதைக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பொருளாதாரக் கொடுமையையும் அது வன்முறையாகக் கருதுகிறது. மனைவியோ பிள்ளைகளோ அனுபவிக்க உரிமையுள்ள சொத்தை அவர்களைப் பாதிக்கும்படி விற்றுத் தீர்ப்பதும் அதில் அடங்கும். வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க 17ஆம் பிரிவு மனைவிக்கு உரிமை தருகிறது. அந்த வீட்டை விற்கவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது என்று கணவருக்குத் தடை போட 19ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அவசரமானால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடவும் 23ஆம் பிரிவில் இடம் உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீடானாலும் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் மருமகள் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இது குடியிருக்கும் உரிமை. சொத்தில் பங்கு அல்ல. கணவர் வேறு தகுந்த வீடு பார்த்துக் கொடுக்கும்படியோ, வாடகை கொடுக்கும்படியோகூடக் கோர்ட் உத்தரவிடலாம். விஷயம் தெரியாத மூன்றாம் மனிதர் பணம் கொடுத்து வீட்டை வாங்கிவிட்ட பிறகு, அவரை எதிர்த்து மனைவியின் கை பலவீனம்தான். ஆகவே தடை கேட்பதானால் பத்திரம் பதிவாவதற்கு முன் கேட்க வேண்டும்.

விற்பனை நடக்கப்போவது மனைவிக்கு எப்படித் தெரியும்? புனேயில் வீடு வாங்குபவரின் வக்கீல், "இந்தச் சொத்தின் பேரில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுப் பத்திரிகையில் "ஜாஹிர் நோட்டீஸ்" கொடுப்பது வழக்கம். குறிப்பிட்ட சில நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நோட்டீஸ் பெரும்பாலும் மராத்திப் பத்திரிகையில் வரும். மராத்தியில் காய்கறி பேரம் பேசத் தெரிந்த தமிழ்ப் பெண்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தன் வீட்டைப் பற்றிய அறிவிப்பு, தான் பொட்டலம் பிரித்துப் போட்ட காகிதத்திலேயே இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மராத்தி படிக்கிறார்கள். சந்தேகம் உள்ள வீட்டில் அவர்களைக் கொண்டு பத்திரிகையின் அந்தப் பக்கத்தையும் பார்க்கச் சொல்வது தப்பில்லை. ஃபிளாட்டானால் சொசைட்டி செயலாளருக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, கையெழுத்துடன் நகல் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வழக்குப் போடும் நிலை வந்தால் இன்னொரு விஷயம். வழக்கில் உள்ள சொத்தை விற்பது பற்றிய 52ஆம் பிரிவுக்கு மகாராஷ்டிரத்தில் தனித் திருத்தம் உண்டு. வழக்கு நடக்கிறது என்ற அறிவிப்பைச் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு செய்வது பற்றி வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு அவர்களுடைய வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. சிவாஜி நகர் கோர்ட்டில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

மனைவி பெயரில் உள்ள வீடு

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வரிக்காகவோ, ராசிக்காகவோ, பாசத்துக்காகவோ மனைவி பெயரில் வீடு வாங்கும் கணவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2021 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் வாங்கும் குடியிருப்புக்கு முத்திரைத் தீர்வையில் 1 சதவீதம் குறைத்தார்கள். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இது 40 ஆயிரம் ரூபாய் லாபம். இதற்காகவும் சிலர் மனைவி பெயரில் வாங்குகிறார்கள்.

அப்படி வாங்கிய பிறகு, "பணம் என்னுடையது, பெயர்தான் அவளுடையது" என்று சொல்வது சுலபமல்ல. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இந்துப் பெண்ணின் கையில் உள்ள சொத்தை அவளுக்கு முழு உரிமையாக்கிவிட்டது. கணவர் பணம் கொடுத்தார் என்ற ஒரே காரணத்தால் சொத்து பினாமி ஆகிவிடாது; பினாமி என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2019 மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தன் பெயரில் உள்ள சொத்தைக் கணவரின் அனுமதி இல்லாமல் மனைவி விற்றது கொடுமை ஆகாது என்று 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆக, பெயர் யாருடையதோ அவருக்கே அதிகாரம் என்ற விதி இரண்டு பக்கமும் வெட்டும் கத்திதான். சம்மதம் கேட்க வேண்டிய அவசியம் கணவருக்கு இல்லை என்றால், மனைவிக்கும் இல்லை.

கோவாவில் ஒரு விதி, யாழ்ப்பாணத்தில் ஒரு விதி

பக்கத்து மாநிலமான கோவாவில் நிலைமை முற்றிலும் வேறு. போர்த்துகீசியர் கொண்டுவந்த 1867ஆம் வருஷத்து சிவில் சட்டம், 1961 டிசம்பரில் கோவா விடுதலை அடைந்த பிறகும் குடும்ப விஷயங்களில் அங்கே தொடர்கிறது. கல்யாணத்துக்கு முன் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் கணவன் மனைவி சொத்துகள் ஒன்றாகக் கலந்து இருவருக்கும் சமமாகிவிடும். அசையாச் சொத்தை ஒருவர் மட்டும் விற்க முடியாது. மற்றவரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் இது கோவா மக்களுக்கான சட்டம். புனேவாசியான தமிழர் கோவாவில் ஒரு வீடு வாங்கிவிட்டால் இந்த உரிமை வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

தமிழர்களிடையே இந்த எண்ணம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழர்களின் தேசவழமையை டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்துக்கு அதில் "தேடியதேட்டம்" என்று தனிப் பெயரே உண்டு. சீதனம் வேறு, முதுசம் வேறு, தேடியதேட்டம் வேறு. ஆனால் அதிலும் ஒரு கோணல் இருந்தது. மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்பதற்குக்கூடக் கணவரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் வருஷத்து யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம் விதித்தது. சம்மதம் என்பது ஒருவர் மட்டும் கேட்க வேண்டியதாக இருந்தால் அது பாதுகாப்பாக இராது. கட்டுப்பாடாகிவிடும் என்பதற்கு இது உதாரணம்.

இரண்டு பெயர் எழுதினால்

இத்தனை சிக்கலுக்கும் எளிய வழி, வாங்கும் அன்றைக்கே பத்திரத்தில் இரண்டு பெயரையும் எழுதுவதுதான். அப்படி எழுதினால் ஒருவர் தம் பங்கை மட்டும்தான் விற்க முடியும். வீட்டை முழுதாக விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். பங்கை மட்டும் வாங்கும் அந்நியர், பாகப் பிரிவினை ஆகாத குடும்ப வீட்டுக்குள் வந்து உட்கார முடியாது என்று 44ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட பாதி வீட்டை வாங்க எவரும் முன்வருவதில்லை. சட்டம் கொடுக்காத சம்மத உரிமையை இந்த இரண்டாவது பெயர் கொடுத்துவிடுகிறது.

இதற்குச் சிறு விலை உண்டு. பெண்களுக்கான 1 சதவீதச் சலுகை முழுக்கப் பெண்கள் பெயரில் வாங்கினால்தான். கணவர் பெயரும் சேர்ந்தால் கிடைக்காது. ஏற்கெனவே கணவர் பெயரில் மட்டும் உள்ள வீடானால், பாதிப் பங்கை மனைவிக்குத் தானப் பத்திரமாக எழுதலாம். குடியிருப்பு வீட்டை மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தானம் கொடுப்பதற்கு மகாராஷ்டிரத்தில் 2015இல் முத்திரைத் தீர்வையை 200 ரூபாயாகக் குறைத்தார்கள். பதிவுக்கான மற்றச் செலவுகள் தனி. வங்கிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். பிறகு சொசைட்டியின் பங்குச் சான்றிதழிலும் பெயரை ஏற்ற வேண்டும்.

இரண்டு பெயர் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. உயில் எழுதாமல் இந்துக் கணவர் காலமானால் அவருடைய பாதி, மனைவிக்கு மட்டும் போகாது. பிள்ளைகளுக்கும், உயிரோடிருந்தால் அவருடைய தாயாருக்கும் சமமாகப் பிரியும். ஆளுக்கொரு உயில் எழுதி வைப்பது நல்லது.

பழைய ஃபிளாட் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவரின் மனைவி பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டாலும், "சம்மதி" கொடுப்பவராக அவரையும் கையெழுத்துப் போடச் சொல்வது புனேயில் வக்கீல்கள் கேட்கும் வழக்கம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அது புத்திசாலித்தனம். ஜீவனாம்ச பாத்தியதை, குடியிருப்பு உரிமை என்று நாளைக்கு ஒரு வழக்கு வந்து நிற்காமல் இருக்கும்.

இந்த யோசனை படித்தவர்களும் பணக்காரர்களும் மட்டும் செய்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். இன்று தமிழர்கள் பலர் வேலை பார்க்கும் சாக்கண் தொழிற்பேட்டைக்கு அருகில் ஆம்பேட்டாண் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே நிலம் வாங்கி விவசாயம் செய்தவர் சரத் ஜோஷி. ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் இயக்கத்தை நடத்தியவர். அந்த இயக்கம் 1989-90இல் "லக்ஷ்மி முக்தி" என்று ஒரு வேலையைத் தொடங்கியது. விவசாயிகள் தாங்களாகவே தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மனைவி பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நூறு குடும்பங்கள் எழுதிக் கொடுத்த கிராமத்துக்கு லக்ஷ்மி முக்தி கிராமம் என்று பெயர். வயலில் பாதி வேலைக்கு மேல் பெண்கள் செய்யும்போது அவர்கள் பெயரில் ஒரு குண்டா நிலம்கூட இல்லையே என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே அந்த விவசாயிகள் எழுதிக் கொடுத்தார்கள்.

மாநில அரசும் 2003இல் "கர் தோகாஞ்சே", அதாவது வீடு இருவருக்கும் என்ற பெயரில், கிராமப் பஞ்சாயத்து வீட்டுப் பதிவேட்டில் மனைவி பெயரையும் சேர்க்கும் இயக்கத்தை நடத்தியது. மும்பையில் குடிசை மாற்றுத் திட்டத்தில் கொடுக்கும் வீடு கணவன் மனைவி இருவருக்கும் கூட்டாகச் சொந்தம் என்பது விதியிலேயே எழுதப்பட்டது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்திலும், குடும்பத் தலைவி பெயரிலோ கணவரோடு கூட்டாகவோதான் வீடு என்று வைத்தார்கள். குடிசைவாசிக்கு அரசாங்கம் விதித்ததை, மாதச் சம்பளக்காரர் தாமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ரிட்டயர் ஆகும் கணவர் ஊருக்குப் போக ஆசைப்படுவதில் தவறில்லை. மனைவி பேரப் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுவதிலும் தவறில்லை. பத்திரத்தில் ஒரு பெயர் மட்டும் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு, ஒருவர் தீர்மானித்து மற்றவர் அழுவதில் முடியும். இரண்டு பெயர் இருக்கும் வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். விற்கும் காலம் வந்தபின் சம்மதத்தைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்த்துவிடுவது மேல்.